விருந்தாளியா, அண்டை வீட்டாரா?

 



ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஜுமுஆவுக்கு வருகிற எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. குத்பா பாதி நடந்துகொண்டிருக்கும்போது, கம்பெனி சீருடையோடு சில இளைஞர்கள் அவசரமாக ஒளுச் செய்துவிட்டுக் கடைசி சஃப்பில் வந்து சேர்வார்கள். ஒருவர் பீகார், ஒருவர் அஸ்ஸாம், ஒருவர் ஜார்க்கண்ட், ஒருவர் மேற்கு வங்கம். இமாம் ஸலாம் கொடுத்ததும் துஆவுக்குக்கூட இருக்க நேரமில்லாமல் கிளம்பிவிடுவார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகியிருக்கும். பத்து நிமிடம் அவருடைய தோள் நம் தோளோடு ஒட்டி நின்றது. அவர் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயர் அவருக்குத் தெரியாது. அடுத்த வாரமும் இப்படியே நடக்கும்.

இவர்கள் நமக்கு யார்? நாம் இவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? இவர்கள் நமக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான். நம்மில் நல்ல மனம் உள்ளவர்கள் சட்டென்று சொல்லும் பதில், "பாவம், ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், நம் விருந்தாளிகள்" என்பது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த பதில் சரிதானா என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

விருந்தாளிக்கு மார்க்கம் பெரிய கண்ணியம் தந்திருக்கிறது. அதே நேரத்தில் அதற்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. விருந்தோம்பல் மூன்று நாட்கள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் நாம் அனைவரும் அறிந்தது. அதாவது விருந்தாளி என்ற சொல்லுக்குள்ளேயே 'ஒரு நாள் போய்விடுவார்' என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமைக்கோ நாள் கணக்கு கிடையாது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றித் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதில், சொத்திலும் அவருக்குப் பங்கு வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு அந்த உரிமை பெரியது. பத்து வருடமாக நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒருவரை இன்னும் விருந்தாளி என்று அழைத்தால், நாம் அவரைக் கண்ணியப்படுத்துகிறோமா, அல்லது அவருக்கு உரிய ஹக்கை மரியாதையான ஒரு சொல்லால் மறைக்கிறோமா?

முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். இந்த மண்ணில் யார் சொந்தக்காரர், யார் வந்தவர்? தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிகள் ஒரே சந்தையில் பேசப்படும் ஊர் இது. ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். 1965இல் தருமபுரி மாவட்டம் ஆனோம். 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. 1970களில் சிப்காட் வந்த பிறகு, 1980இல் அசோக் லேலண்ட், அதைச் சுற்றிய காலத்தில் டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. அந்த ஆலைகளுக்காக மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தாம் இன்று 'ஓசூர்க்காரர்கள்'. இதை வாசிக்கும் உங்களில் பலர் அப்படி வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். உருது பேசும் குடும்பங்களைக் கேட்டால், பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்பதற்கு வேறொரு கதை இருக்கும். முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற வித்தியாசம்தான் நமக்கிடையே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. சில நூறு அடி தூரத்தில் நாமே வெளியூர்க்காரர்களாகிவிடுகிறோம். 1991இல் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் கலவரம் வெடித்தபோது, உயிர் பிழைக்க இந்த எல்லையை நோக்கி ஓடிவந்த தமிழர்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தன. தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டிகள் எல்லையில் நின்றன. பெட்டிகளைத் தலையில் வைத்து, குழந்தையை இடுப்பில் வைத்து மக்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்ற சொல் எப்படி வலிக்கும் என்பது இந்த எல்லையில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது நம் ஊரில் மட்டும் உள்ள கேள்வி அல்ல. துருக்கியில் கோன்யா மாகாணத்தில் குலு என்று ஒரு சிறிய ஊர். 1960களின் நடுவில் அங்கிருந்து ஆண்கள் சுவீடனுக்கு வேலை தேடிப் போகத் தொடங்கினார்கள். சுவீடன் ஆலைகளுக்கு அப்போது கை போதவில்லை. இவர்களுக்கோ ஊரில் வேலை இல்லை. கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று இவர்கள் நினைத்தார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்று அங்கே பலரும் நினைத்தார்கள். ஜெர்மனியில் இப்படி வந்தவர்களுக்கு 'விருந்தினர் தொழிலாளி' என்றே பெயர் வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் வேலைக்காக வருவதற்கான வழியை சுவீடன் பெரும்பாலும் அடைத்தது. ஆனால் வந்தவர்கள் திரும்பவில்லை. மனைவி மக்கள் வந்து சேர்ந்தார்கள். ஸ்டாக்ஹோமின் புறநகர்களில் பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. சுவீடன் சில நல்ல முடிவுகளை எடுத்தது. 1976 முதல், குடியுரிமை இல்லாதவர்களும் அங்கே சில ஆண்டுகள் வசித்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று சட்டம் செய்தது. தெருவிளக்கும் பள்ளிக்கூடமும் அங்கே வசிக்கிற எல்லாருக்கும் பொது என்பதால், அதைப் பற்றிப் பேச அங்கே வசிக்கிறவருக்கு உரிமை உண்டு என்பது அதன் நியாயம். ஸ்டாக்ஹோமுக்கு அருகே ஃபித்யா என்ற பகுதியில் உள்ள பள்ளிவாசலுக்கு, 2013இல் ஜுமுஆ பாங்கு ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதி கிடைத்தது. குலு ஊர் மக்கள் சுவீடன் பிரதமராக இருந்த ஓலோஃப் பால்மேயின் பெயரைத் தங்கள் பூங்கா ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். நன்றி மறவாமை நல்ல குணம். ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் அங்கே பிறந்து, அந்த மொழியிலேயே கனவு காணும் பேரப்பிள்ளையிடம் "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி வருவது நிற்கவில்லை. துருக்கியர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. 'திரும்பத்தானே போகிறோம்' என்ற நினைப்பில் மொழி கற்பதைத் தள்ளிப்போட்டவர்கள், தங்கள் தெருவைத் தாண்டி யாரையும் அறியாமலேயே முதுமையை அடைந்தார்கள். 'தற்காலிகம்' என்ற ஒரு சொல்லை இரு தரப்பும் நம்பியதால் இரு தரப்பும் இழந்தவை அதிகம்.

நம் ஓசூரிலும் அதே சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 'கான்ட்ராக்ட் லேபர்', 'நார்த் இண்டியன் பசங்க', 'சீசனுக்கு வந்தவங்க'. ஆனால் அவர்களில் சிலர் குடும்பத்தைக் கூட்டி வந்துவிட்டார்கள். பிள்ளைகள் தெருவில் தமிழ் பேசுகிறார்கள்.

சகோதரர்களே! நம் மார்க்கத்தின் வரலாறே இடம்பெயர்ந்தவர்களின் வரலாறு. அதில் இரண்டு பயணங்கள் உண்டு. ஒன்றில் முஸ்லிம்கள் ஒரு கிறிஸ்தவ மன்னரின் நாட்டில் அந்நியர்கள். இன்னொன்றில் முஸ்லிம்களே வரவேற்றவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும்.

அபிசீனியாவுக்குப் போன ஸஹாபாக்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் குறைஷிகள் பரிசுகளோடு தூதர்களை அனுப்பினார்கள். நஜ்ஜாஷி மன்னர் பரிசைப் பார்த்து மயங்கவில்லை. அவர்கள் தரப்பைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார். ஜஃபர் (ரலி) பேசினார்கள், மன்னர் கேட்டார், நீதி வழங்கினார். அடைக்கலம் வந்தவர்களும் தங்கள் கடமையை மறக்கவில்லை. அந்த மன்னருக்கு எதிராக ஒருவன் கிளம்பியபோது, மன்னர் வெற்றி பெற அவர்கள் துஆச் செய்ததாகவும், செய்தி அறிய ஸுபைர் (ரலி) காற்றடைத்த தோல்பையின் மீது நைல் நதியைக் கடந்ததாகவும் உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். தங்க வந்த நாட்டின் நலன் தங்கள் நலன் என்று அவர்கள் நினைத்தார்கள். வந்தவர்களின் கடமைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் 'அன்சாரிகள் முஹாஜிர்களுக்கு உதவுங்கள்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. இன்னாருக்கு இன்னார் சகோதரர் என்று பெயர் சொல்லி இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்கு பரக்கத் கேட்டு துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். கொடுப்பவருக்கும் கண்ணியம், வந்தவருக்கும் கண்ணியம். வந்தவர் கேட்டது தர்மம் அல்ல, உழைக்க ஒரு வழி. நம் சிப்காட்டுக்கு வரும் இளைஞர்கள் கேட்பதும் அதைத்தான்.

ஆனால் மதீனாவிலும் எல்லாம் இனிமையாகவே நடந்துவிடவில்லை. பனூ முஸ்தலிக் போரை ஒட்டி, தண்ணீர் எடுக்கும் இடத்தில் ஒரு முஹாஜிருக்கும் ஓர் அன்சாரிக்கும் சச்சரவு. ஒருவர் அன்சாரிகளைக் கூவி அழைத்தார், மற்றவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். நபி (ஸல்) அவர்கள் அதை அறியாமைக் காலத்து அழைப்பு என்றும், நாற்றம் பிடித்தது, விட்டுவிடுங்கள் என்றும் கண்டித்தார்கள். சற்று யோசியுங்கள். முஹாஜிர், அன்சார் என்பவை அல்லாஹ் தன் வேதத்தில் புகழ்ந்து சொன்ன பெயர்கள். அந்தப் புனிதமான பெயர்களே கட்சி சேர்க்கப் பயன்பட்டபோது நாற்றமாகிவிட்டன. அப்படியென்றால் 'வடக்கன்', 'ஹிந்திக்காரன்' என்று நாம் டீக்கடையில் சொல்லும் பெயர்களின் நிலை என்ன?

அப்போது இன்னொரு குரலும் எழுந்தது. வந்தவர்கள் நம் ஊரிலேயே நம்மை மிஞ்சிவிட்டார்கள், இவர்களுக்குச் செலவு செய்வதை நிறுத்தினால் தானாகக் கலைந்து போவார்கள், ஊர் திரும்பியதும் கண்ணியமானவர்கள் இழிந்தவர்களை வெளியேற்றுவார்கள் என்ற கருத்தில் அப்துல்லாஹ் இப்னு உபை பேசினான். சூரா அல்முனாஃபிகூன் அந்தப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறது. இன்று உலகெங்கும் வந்தவர்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் இதுவேதான். மண்ணின் மைந்தன் என்ற பெருமையை ஈமானுக்கு மேலே வைத்த குரலை, அல்லாஹ் எந்த சூராவில் வைத்திருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

உங்களில் சிலர் மனதில் ஓர் எதிர்க்கேள்வி இருக்கும். அதை ஒதுக்கிவிட முடியாது. "நம் பிள்ளைகள் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிறார்கள். இவர்கள் குறைந்த கூலிக்கு வந்து நின்றால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?" நியாயமான கவலைதான். ஆனால் கூலியைக் குறைத்தது யார்? வந்தவர் தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்ளவில்லை. மொழி தெரியாதவர், கேள்வி கேட்க மாட்டார், சங்கத்தில் சேர மாட்டார், ஓவர்டைம் கணக்குப் பார்க்க மாட்டார் என்று தெரிந்துதான் அவரைக் கொண்டு வருகிறார்கள். 1979இல் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், அதே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறையாத கூலியை அவருக்கும் தர வேண்டும் என்றது. அது நடந்திருந்தால் அவரைக் காட்டி நம் பிள்ளையின் கூலியைக் குறைக்க யாராலும் முடியாது. அவருடைய ஹக்கைக் காப்பது நம் பிள்ளையின் ஹக்கையும் காப்பது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கிறான். நம்மில் லேபர் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். ஷெட்டுகளை வாடகைக்கு விட்டு, ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதல் சஃப்பில் நிற்பவர்களாகக்கூட இருக்கலாம். அந்த வழக்கில் எதிர்தரப்பாக நிற்க நம்மில் யாருக்குத் துணிவு இருக்கிறது?

வதந்தி விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 2018இல் 'பிள்ளை பிடிப்பவர்கள்' என்ற வாட்ஸ்அப் வதந்தியால் வட தமிழகத்தில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாடு காவல்துறை அந்த வீடியோக்கள் பொய்யானவை என்று விளக்கியது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் இரவெல்லாம் தூங்காமல் போன் அடித்திருப்பார்கள்! செய்தி வந்தால் ஆராய்ந்து பாருங்கள், இல்லையென்றால் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்பது சூரா அல்ஹுஜுராத் தரும் பாடம். நஜ்ஜாஷி மன்னர் செய்ததும் அதுதான். மறுதரப்பைக் கேட்டார். நம் பக்கத்து அறையில் ஒரு பீகார் சகோதரரின் பெயரும் நம்பரும் நமக்குத் தெரிந்திருந்தால், அவரிடமே கேட்டிருக்கலாம். தெரியாதவரைப் பற்றி எதைச் சொன்னாலும் மனம் நம்பிவிடுகிறது.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதவர்கள். நம் கடமை சஃப்பில் நிற்பவருக்கு மட்டும்தானா? அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்டை வீட்டாரின் ஹக்கு கலிமாவைக் கேட்டு வருவதில்லை. சுவர் ஒன்றாக இருந்தால் போதும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, பெயர் கேளுங்கள். இந்த ஜுமுஆவில் பக்கத்தில் நிற்பவரிடம் ஸலாம் சொல்லி, பெயரும் ஊரும் கேளுங்கள். 2020 ஊரடங்கில் நாட்டில் லட்சக்கணக்கானோர் சாலையில் நடந்தபோது பல ஊர்களில் நம் மக்கள் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. பொட்டலம் கொடுக்கப் பெயர் தேவைப்படவில்லை. உறவுக்குப் பெயர் தேவை.

இரண்டாவது, வீடு. 'குடும்பத்துக்கு மட்டும்', 'நம்ம ஆளுங்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டுமுன் நினைத்துப் பாருங்கள். பெங்களூரிலோ மும்பையிலோ முஸ்லிம் என்பதால் வீடு கிடைக்காத நம் பிள்ளையின் முகம் அப்போது நினைவுக்கு வரட்டும்.

மூன்றாவது, காகிதம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் நடப்பில் இருக்கிறது. ஊர் கார்டை வைத்து இங்கே அரிசி வாங்கலாம் என்பது தெரியாதவர்கள் இருப்பார்கள். இ.எஸ்.ஐ. அட்டை எதற்கு என்று தெரியாதவர்கள் இருப்பார்கள். ஜுமுஆவுக்குப் பிறகு அரை மணி நேரம், ஹிந்தியோ உருதோ தெரிந்த இரண்டு இளைஞர்கள் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். விடுதிகளில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்யும் வடமாநிலப் பெண்களுக்கு நம் சகோதரிகள் இதைச் செய்யலாம்.

நான்காவது, மரணம். ஆலை விபத்திலோ சாலை விபத்திலோ ஒருவர் இறந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் அவருடைய அறைத் தோழர்கள் மட்டுமே. மொழி தெரியாது, போலீஸ் ஸ்டேஷன் தெரியாது, உடலை ஊருக்கு அனுப்ப வழி தெரியாது. முஸ்லிம் மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவது ஃபர்ளு கிஃபாயா. யாருமே செய்யாவிட்டால் ஜமாஅத் முழுவதும் பாவத்தில் பங்காளிகள். முஸ்லிம் அல்லாதவர் என்றாலும் அந்த வாசலில் துணைக்கு நிற்பது மனிதக் கடமை.

இனி, வெளியூரிலிருந்து வந்து இதை யாராவது வாசித்துச் சொல்லக் கேட்கும் சகோதரரே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் நான்கு வார்த்தை பேசினாலும் அது ஒரு கதவைத் திறக்கும். உங்கள் அறையிலேயே அடைந்து கிடக்காதீர்கள். தெருவின் ஒழுங்கைப் பேணுங்கள். அபிசீனியாவில் ஸஹாபாக்கள் துஆச் செய்ததுபோல் இந்த ஊருக்காக துஆச் செய்யுங்கள். ஜமாஅத்தில் பேச வேண்டியதிருந்தால் தயங்காமல் பேசுங்கள்.

கடல் கடந்து போன நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தென்னிந்திய முஸ்லிம்கள் அந்நிய மண்ணில் எழுப்பியவை. 200 ஆண்டுகளாக அங்கே ஸஜ்தா நடக்கிறது. போனவர்கள் விருந்தாளிகளாக மட்டும் இருந்திருந்தால் ஒரு கல்லும் நட்டிருக்க மாட்டார்கள். அந்த மண் அவர்களை அண்டை வீட்டாராக ஏற்றுக்கொண்டது. இன்று வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு எதைக் கேட்டு நாம் துஆச் செய்கிறோமோ, அதை இங்கே உழைக்கும் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! ஊர் விட்டு வந்தவர்களின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக. அவர்களின் கூலியை யாரும் பறிக்காமல் காப்பாயாக. தொலைவில் காத்திருக்கும் அவர்களின் தாய்மார்களுக்கு நிம்மதியைத் தருவாயாக. எங்கள் பக்கத்தில் நிற்பவரை அறிந்துகொள்ளும் மனதை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.